விபத்தே நடக்காத நாற்பத்தொரு நாள்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், உன் அப்பாவின் இடது கட்டைவிரல் நீங்கலாக. அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி சிட்டுவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நம்பாமல் வேறென்ன செய்வது, எப்போது கேட்டாலும் நல்லா இருக்கோம்மா என்று ஒரே பதிலைத்தான் கையில் வைத்திருக்கிறாய். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். போனில் பேசினால் உன் அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறார், நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்கிறார். ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஊரார் பேசுவதற்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள் நான், என் வீட்டில் எனக்கு லைன் கிடைப்பதில்லை. அதனால்தான் பேனா. சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேசையின் நாலு முனையிலும் நுரைப்பஞ்சு கட்டியிருக்கிறது, கை ஊன்றினால் தலையணைமேல் எழுதுகிற மாதிரி அமுங்குகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று மாப்பிள்ளையிடம் சொல்லாதே.

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு நீ மட்டும் இரண்டு நாள் வந்துவிட்டுப் போவதாகவும் சிட்டுவை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு வருவதாகவும் சொன்னாயே, அந்த போனிலிருந்து ஆரம்பிக்கிறேன். கூட்டம் கூடுற வீட்டுக்கு அவளைத் தூக்கிட்டு வர எனக்குத் தைரியம் இல்லப்பா என்றாய். சிட்டுவின் முதல் பிறந்த நாளில் இங்கே கூடத்தில் காபிக் கெட்டில் கவிழ்ந்ததே, அதற்குப் பிறகு இந்த இரண்டு வருஷத்தில் நீ அவளை இந்த வாசற்படி மிதிக்க விடவில்லை, அது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உன் அப்பா இயந்திரங்களோடு வாழ்ந்த மனிதர், அவருக்குப் பயம் என்றால் எங்கேயோ ஒரு திருகாணி கழன்றிருக்கிறது என்று பொருள். நம்ம வீட்டுல என்ன குறைன்னு சொல்லு, நான் சரி பண்றேன் என்று உன்னைக் குடைந்து எடுத்தார். பேச்சு முடிந்தால் போதும் என்று நீயும் பிளக் பாயிண்ட், மாடிப்படி, அலமாரி, மேசை முனை என்று வாய்க்கு வந்த நாலைச் சொல்லிவிட்டாய். அடிப்பாவி, எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதரிடம் நாலு எள்ளைக் கொடுத்துவிட்டு நீ நிம்மதியாகப் போனை வைத்துவிட்டாய், எண்ணெயில் வழுக்கிக்கொண்டிருப்பவள் நான். உனக்கு இந்த வீட்டின்மேல் பயம் இல்லை, உன்மேல்தான் பயம் என்பது எனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, சின்ன வயசிலிருந்தே உனக்கு அந்தப் புத்தி.

மறுநாள் காலை நான் பால் வைக்கப் போகிறேன், பரணில் தலையும் ஏணியில் காலுமாக உன் அப்பா. என்ன தேடறீங்க என்றால் தூசிதான் வருகிறது. கடைசியில் இறங்கினார், கையில் அந்தப் பச்சைப் பலகை. உனக்கு ஞாபகம் இருக்கும், அவர் பாதுகாப்பு சூப்பர்வைசராக இருந்த தொழிற்சாலை வாசலில் தொங்கிக்கொண்டிருக்குமே, விபத்தில்லாத நாட்கள் என்று வெள்ளை எழுத்தில் எழுதி, கீழே கொக்கியில் தகர எண்கள் மாட்டியிருக்கும். ஓய்வு பெற்ற அன்று எல்லாருக்கும் கடிகாரம் கொடுத்தார்கள், இவர் மட்டும் கடிகாரம் வேண்டாம், அந்தப் பழைய பலகையைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்தார். பன்னிரண்டு வருஷம் பரணில் தூங்கியதைத் துடைத்து, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டி, சைபரைத் தொங்கவிட்டு, என்னை நிற்கவைத்துச் சட்டம் படித்தார். இந்த வீட்டில் யாருக்கு ரத்தம் வந்தாலும், கை சுட்டாலும், முட்டிக்கொண்டு ஆ என்று கத்தினாலும் எண்ணிக்கை மறுபடி சைபரிலிருந்து. கல்யாண நாளன்று பலகையில் அறுபது இருக்கவேண்டும், அதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பினால் நீ அடுத்த விமானத்தில் சிட்டுவோடு வந்து இறங்குவாய், இது அவருடைய திட்டம். நாலாம் நாளே நான் டீப்பாயில் முழங்காலை இடித்துக்கொண்டு கத்தினேன். அவர் ஓடி வந்தது என் முழங்காலைப் பார்க்க என்று நினைத்தேன். பலகைக்கு ஓடினார்.

அன்றைக்குத்தான் பஞ்சு கட்டும் படலம் ஆரம்பித்தது. பழைய மெத்தையைக் கிழித்து மேசை, டீப்பாய், கட்டில், ஜன்னல் விளிம்பு, கடைசியில் என் தையல் மிஷின் வரைக்கும் சுற்றிக் கட்டிவிட்டார், வீடே பார்சல் ஆபீஸுக்குக் கிளம்பி நிற்கிற மாதிரி இருக்கிறது. மாடிப்படிக்கு மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு. திரைச்சீலைக் கயிறுகளையெல்லாம் பிள்ளை கழுத்தில் மாட்டும் என்று சுருட்டி உயரத்தில் கட்டியாகிவிட்டது, திரையை விலக்க நான் முக்காலியில் ஏறவேண்டும், முக்காலியில் ஏறுவதோ தடை. ஆகையால் நம் கூடத்தில் ஒரு மாதமாகப் பகலிலும் அந்திதான். வீட்டுக்கு வருகிறவர்கள் கைப்பையில் மாத்திரை இருக்கும், அதுதான் பிள்ளைகள் கைக்கு முதலில் போகும் என்று வாசல் பக்கம் ஆறடி உயரத்தில் கொக்கி அடித்து, வந்தவுடன் பையை அதில் மாட்டச் சொல்கிறார். அது நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உன் அத்தையின் உயரம் உனக்குத் தெரியும். தன் பையைத் தானே எடுக்க முடியாமல் தம்பி தம்பி என்று கொக்கிக்குக் கீழே நின்று குதிக்கிறார், பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த அலமாரிப் பூட்டு. பிள்ளைகளால் திறக்கவே முடியாது என்று அட்டையில் எழுதியிருந்ததாம், பெட்டியோடு வாங்கி வந்துவிட்டார். ஒரு பக்கம் அமுக்கி, இன்னொரு பக்கம் தூக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு இழுக்கவேண்டும். சர்க்கரை உள்ளே, நான் வெளியே. இரண்டு நாள் சர்க்கரையில்லாத காபி குடித்துவிட்டு, உடம்புக்கு நல்லது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் மாடி வீட்டுப் பல் டாக்டரின் மகள் வந்தாள், நாலு வயசு, எங்கே பார்த்தாலும் இருப்பாள், எங்கே தேடினாலும் இருக்கமாட்டாள், அதனால் சுண்டெலி என்று பெயர் வைத்திருக்கிறோம். நான் பூட்டோடு மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, தள்ளுங்க கீழ்வீட்டம்மா என்று ஒரு விரலை உள்ளே விட்டாள், டக் என்று திறந்தது. பூட்டைத் திறக்க முடியாதது பெரியவர்களுக்கு மட்டும்தான் என்று அட்டையில் போட்டிருக்கவேண்டும். அன்றிலிருந்து ஒரு தடவை திறந்தால் ஒரு பிஸ்கட் என்று அவளோடு உடன்படிக்கை. உன் அப்பாவிடம் மூச்சு விடவில்லை, மனிதர் உடைந்துபோவார்.

இப்படியாகப் பலகையில் எண்ணிக்கை ஏறியது. பத்து, இருபது, முப்பது. உன் அப்பாவைப் பார்க்கவேண்டுமே நீ, பேப்பர் போடுகிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர், யார் வந்தாலும் சமையலறை வரை கூட்டிப்போய்ப் பலகையைக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவார். முப்பத்திரண்டு நாள், ஒரு கீறல் இல்லை என்பார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு உறுத்தல், ஏனென்றால் பதினோராம் நாளே எனக்கு மணிக்கட்டில் எண்ணெய் தெறித்துக் கொப்புளம். தண்ணீரில் காட்டிவிட்டு, முழுக்கை வைத்த உடுப்பாகப் போட்டுக்கொண்டு, வெயிலில் வெந்துகொண்டு திரிந்தேன். அவர் முகத்தில் அந்தப் பெருமையைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், நான் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்தேன். ஒன்று மட்டும் புரியவில்லை. மருந்துப் பெட்டியில் பிளாஸ்திரி வாங்கி வைத்தால் வாரத்துக்குள் காலியாகிவிடுகிறது. நான் எடுத்தது இரண்டு, போனது இருபது. எலி தின்கிறதோ என்றுகூட நினைத்தேன். கடைசியில் பார்த்தால் எலிதான்.

போன ஞாயிற்றுக்கிழமை, நாற்பத்தொன்றாம் நாள், கல்யாண நாளுக்கு ஒத்திகை. நாற்பது வருஷம் முன்னால் நடந்த கல்யாணத்துக்கே ஒத்திகை பார்க்கவில்லை, அதன் பலனைத்தான் அனுபவிக்கிறேன் என்று உன் அப்பா சொன்னார், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். உன் அத்தை, பிளக் பாயிண்டுகளுக்கெல்லாம் மூடி போட்டுக் கொடுத்த எலக்ட்ரீஷியன், பல் டாக்டர், சுண்டெலி, இவ்வளவுதான் ஆட்கள். பலூன் கிடையாது, வெடித்த துண்டு பிள்ளை தொண்டையில் அடைக்கும் என்று காகிதச் சங்கிலி தொங்கவிட்டிருந்தோம். மெழுகுவர்த்தி ஒன்றே ஒன்று, அதுவும் கேக்கோடு ஃபிரிட்ஜுக்கு மேலே. அதை ஊதி அணைக்க நானும் உன் அப்பாவும் அண்ணாந்து ஊதினோம், சுடர் அசையக்கூட இல்லை, உயரமான பல் டாக்டர்தான் எங்கள் கல்யாண நாள் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்.

அதற்குப் பிறகு உன் அப்பா தொழிற்சாலையில் போட்டுக்கொண்டிருந்த அந்தக் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் மேல்கோட்டை எடுத்து வந்தார். இந்த ஒன்றை மட்டும் கேலி பண்ணாமல் கேள், எனக்கே பிடித்துப்போன விஷயம். பத்துப் பேர் இருக்கிற வீட்டுல பத்துப் பேரும் மத்த ஒன்பது பேர் பிள்ளைய பார்த்துக்குவாங்கன்னு நினைப்பாங்க, கடைசில ஒருத்தரும் பார்க்கமாட்டாங்க என்றார். அதனால் எந்நேரமும் ஒருவர் மேலே அந்தக் கோட்டு இருக்கவேண்டும். கோட்டு போட்டவர் காபி குடிக்கக்கூடாது, போனைப் பார்க்கக்கூடாது, ஊர்க்கதை பேசக்கூடாது, கண் பிள்ளை மேலேயே இருக்கவேண்டும். கால் மணிக்கு ஒருமுறை கைமாற்றவேண்டும், மாற்றும்போது பிள்ளை இப்ப உங்க கையில என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும், வாங்குகிறவர் ஆமா என் கையில என்று பதில் சொன்னால்தான் கோட்டைக் கழற்றலாம். முதல் முறை உன் அத்தைக்கு. கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது, கால் மணி நேரம் கதை பேசக்கூடாது என்பது அவருக்கு ஆயுள் தண்டனை. வாயை இறுக்கிக்கொண்டு சுண்டெலியின் பின்னால் கண்கொத்திப் பாம்பாக வீடு முழுக்கச் சுற்றினார்.

வினை அங்கேதான் வந்தது. யாரோ தன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளைக்கும் குஷி பிறந்துவிடும். சுண்டெலி தன் அம்மா மாதிரி டாக்டர் விளையாட்டு ஆரம்பித்தாள். நேரே மருந்துப் பெட்டி வைத்த அலமாரிக்குப் போனாள், பிள்ளைகளால் திறக்கவே முடியாத பூட்டை ஒரு விரலால் டக் என்று திறந்தாள், உன் அப்பாவின் முகம் கறுத்தது. பெட்டியோடு கூடத்துக்கு வந்து, பழைய பிளாஸ்திரியெல்லாம் மாத்தணும், எல்லாரும் வரிசையா வாங்க என்றாள். யாரும் அசையவில்லை. அவளே ஆரம்பித்துவிட்டாள். கீழ்வீட்டம்மாவுக்குக் கையில, மாமாவுக்குத் தலையில, அத்தைக்குக் கால் விரல்ல, தாத்தாவுக்குக் கட்டைவிரல்ல, எல்லாம் நான்தான் ஒட்டினேன், யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு ஆளுக்கு ஒரு பிஸ்கட் குடுத்தாங்க, தாத்தா மட்டும் ரெண்டு குடுத்தாரு என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். குட்டு உடைந்தது ஒருவருடையது இல்லை, ஒட்டுமொத்தமாக உடைந்தது. எலக்ட்ரீஷியன் படிக்கதவில் தலையை இடித்துக்கொண்டு அன்றிலிருந்து தொப்பியைக் கழற்றவில்லை, வழுக்கையை மறைக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அத்தையின் பை ஆறடி உயரக் கொக்கியிலிருந்து அவர் கால்மேலேயே விழுந்து விரல் வீங்கியிருந்தது, தம்பி கணக்கு உடைஞ்சுடுமேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன் என்றார். உன் அப்பாவோ பலகைக்கு இரண்டாவது ஆணி அடிக்கும்போது சுத்தியலால் சொந்தக் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டிருக்கிறார், அதுவும் பதினேழாம் நாள். பாதுகாப்புப் பலகையை மாட்டும்போதே விபத்து. பல் டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார், பிறகு நாங்கள் எல்லாரும், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய் நாற்பத்தொன்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கோபம் என்று நினைத்துப் பின்னால் போனேன். கோபம் இல்லை. அங்கயும் இப்படித்தான் மறைச்சாங்க என்றார். நாற்பது வருஷத்தில் என்னிடம் சொல்லாத ஒன்றை அப்போதுதான் சொன்னார். தொழிற்சாலைப் பலகையில் ஒருமுறை முன்னூற்றுப் பன்னிரண்டு நாள் வரை போனதாம், எல்லாருக்கும் பெருமை. அதே சமயம் ஒரு அழுத்து மிஷினின் தடுப்புத் தகடு தளர்ந்திருந்தது, மூன்று பேருக்கு அதில் கையில் கீறல் பட்டிருக்கிறது, மூன்று பேரும் பலகையைக் கெடுக்கவேண்டாம் என்று துணியைச் சுற்றிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்கள். நாலாவது ஆளுக்கு இரண்டு விரல் போனது. யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா ரெண்டு திருகாணியில முடிஞ்சிருக்கும், நான் எண்ணிக்கையப் பார்த்தேன், ஆளப் பார்க்கல என்றார். நான் எதை நினைத்துக்கொண்டேன் என்று அவருக்குத் தெரியாது.

பிறகு அவர் சைபரைத் தொங்கவிட்டார். பலகைக்குக் கீழே நூலில் ஒரு நோட்டைக் கட்டினார். இனி எண்ணுவதில்லை, எழுதுவதுதான், அடி பட்டதை மட்டும் இல்லை, பட இருந்து தப்பியதையும் எழுதவேண்டும், எழுதுகிறவரை யாரும் திட்டக்கூடாது. முதல் வரி அவருடைய கட்டைவிரல். அடுத்து எலக்ட்ரீஷியன் தலை, அத்தை கால். சுண்டெலிக்கு எழுதத் தெரியாது, பூட்டை ஒரு விரலால் திறப்பதைப் படமாக வரைந்து கொடுத்தாள். பல் டாக்டர் அவளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார், எலக்ட்ரீஷியனும் கிளம்பினார், கடைசியாக நோட்டு என் கைக்கு வந்தது. மணிக்கட்டில் எண்ணெய் என்று எழுதினேன். பேனாவை மூட முடியவில்லை. கீழே இன்னொரு வரி எழுதினேன். அதை உன் அப்பா படித்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். என்னைத் திட்டவில்லை, அவர் போட்ட சட்டம்தானே. இது இந்த நோட்டுல இருக்கவேண்டிய வரி இல்ல, யாருக்குச் சொல்லணுமோ அவளுக்கு எழுது என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

கண்ணு, அன்றைக்குச் சிட்டுவின் பிறந்த நாளில் நீ அவளைக் கம்பளத்தில் விடுவதற்கு முன்னால் டீப்பாயில் இருந்த காபிக் கெட்டிலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அடுப்பு மேடையில் வைத்தாய். மூக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பியும் வைத்தாய். நான் அங்கேதான் கேக் வெட்டிக்கொண்டு நின்றேன், பார்த்தேன். நீ மாப்பிள்ளையைக் கூப்பிட வாசலுக்குப் போனதும் உன் அத்தை இன்னொரு வாய் காபி கிடைக்குமா என்று கேட்டார். நான் அங்கேயே கோப்பையில் ஊற்றிக் கொடுத்திருக்கலாம். கெட்டிலையே தூக்கி வந்து, பெரிய உபசாரக்காரி மாதிரி, டீப்பாயில் விரித்திருந்த, நான் பூத்தையல் போட்ட மேசைவிரிப்பை நாலு பேர் பார்க்கட்டும் என்று அதன் நடுவில் வைத்துவிட்டுத் திரும்பினேன். பிள்ளை விரிப்பைப் பிடித்து இழுத்தாள். கெட்டில் அந்தப் பக்கம் விழுந்தது, ஒரு முழம் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் சாப்பிடும்போது நடுவில் வந்துவிடுகிறது. இரண்டு சொட்டு அவள் பாதத்தில் பட்டதோடு போனது. எல்லாரும் ஓடி வந்தார்கள், யார் இதை இங்க வெச்சது என்று உன் அப்பா கத்தினார். நீ பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, நான் உள்ள எடுத்து வெச்ச மாதிரிதான் ஞாபகம், மறந்துட்டேன் போல என்று அழுதாய். பெத்தவளுக்குக் கண்ணு பிள்ளை மேல இருக்கணும் என்று அத்தை சொன்னார். நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். ஊருக்குப் போய்ச் சேரட்டும், போனில் சொல்லலாம் என்று நினைத்தேன், ஸ்பீக்கரில் அப்பா இருந்தார். பிறகு நாளாக நாளாக, எதற்கு இப்போது கிளறவேண்டும், பிள்ளைக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்கு நானே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன். ஆனால் பிள்ளைக்கு ஆகியிருந்தது. நான் சிட்டுவைச் சொல்லவில்லை, உன்னைச் சொல்கிறேன். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை போய்ப் பார்க்கிறாய் என்றும், குழந்தை தூங்கும்போதுகூட மூச்சு வருகிறதா என்று கை வைத்துப் பார்க்கிறாய் என்றும் மாப்பிள்ளை போன மாதம் மெல்லச் சொன்னார். என் மகள் தன் கையால் செய்ததையே தான் செய்யவில்லை என்று நம்பி இரண்டு வருஷம் இருந்திருக்கிறாள், நான் அதைப் பார்த்துக்கொண்டு எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தக் கூடத்தில் சிட்டு உன் பிள்ளை, நீ என் பிள்ளை. நீ உன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாய். நான்தான் என் பிள்ளையைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, உன்மேல் கோபம் வந்தால் அது நியாயம், நாலு நாள் பேசாமல் இரு, ஐந்தாம் நாள் பேசிவிடு, என்னால் அவ்வளவுதான் தாங்க முடியும். உன் ஞாபகம் சரியாகத்தான் இருந்தது. எடுத்து வைத்தாய். இனிமேல் அடுப்பை ஒரு தடவை பார், போதும்.

உன் அத்தையும் அந்த வரியைப் படித்துவிட்டார். உன்னைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கப்போவதாகச் சொல்கிறார், போன் வந்தால் எடு, கொஞ்சம் அழுவார், பிறகு கால் விரல் கதையை முழுசாகச் சொல்வார், பொறுத்துக்கொள். இங்கே மாற்றங்கள் நடந்திருக்கின்றன. அலமாரிப் பூட்டைக் கழற்றிவிட்டு மருந்தையெல்லாம் உன் அப்பா பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் சாவி போட்ட பெட்டியில் வைத்துவிட்டார், சர்க்கரைக்கு விடுதலை. சுண்டெலிக்கு வருமானம் போய்விட்டது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். கொக்கியை ஐந்தடிக்கு இறக்கியாகிவிட்டது. படிக்கதவு இருக்கட்டும் என்றேன், அது நல்லது. கேக் ஃபிரிட்ஜிலிருந்து இறங்கிவிட்டது, மெழுகுவர்த்தி கிடையாது, இந்த வயசில் எங்களுக்கு ஊத மூச்சும் கிடையாது. காபி சமையலறையை விட்டு வெளியே வராது, வேண்டியவர்கள் அங்கே போய் நின்று குடிக்கட்டும், உன் அத்தையாக இருந்தாலும் சரி. அந்த மேசைவிரிப்பைத் தலையணை உறையாகத் தைத்துவிட்டேன், மெத்தை கிழிந்த வீட்டில் தலையணையாவது அழகாக இருக்கட்டும்.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி, மறக்காதே. தனியாக வந்தாலும் கதவு திறந்திருக்கும், ஆனால் சிட்டுவோடு வந்தால் இந்தக் கிழவனுக்கும் கிழவிக்கும் நாற்பது வருஷம் சேர்ந்து குப்பை கொட்டியதற்கு ஒரு அர்த்தம் கிடைக்கும். வேறு யார் வீட்டுக்கும் போகாதே, இங்கேயே தங்கு, உன் அறையில் பஞ்சு கட்டாத ஒரே ஒரு நாற்காலியை உனக்காக ஒளித்து வைத்திருக்கிறேன். மஞ்சள் கோட்டின் முதல் முறையை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். அந்தக் கால் மணி நேரம் நீ காபி குடி, கதை பேசு, வேண்டுமானால் கண்ணை மூடித் தூங்கு. என்னிடம் பிள்ளையைக் கொடுக்கும்போது அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல், நானும் பதில் சொல்கிறேன். படம் அனுப்பச் சொல்லி உன் அப்பா பலகையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். அறுபது இல்லை, சைபர்தான் தொங்குகிறது. இந்த வீட்டில் இதுவரை தொங்கியதிலேயே பொய்யில்லாத எண் அதுதான்.

நீயும் மாப்பிள்ளையும் சிட்டுவும் நூறாண்டு நோயில்லாமல், மனசில் பயமில்லாமல் இருக்கவேண்டும். சிட்டுவின் பாதத்தில் அந்த இரண்டு சொட்டு பட்ட இடத்தில் எனக்காக ஒரு முத்தம் கொடு. இப்போது அங்கே தழும்புகூட இருக்காது, இருந்தாலும் கொடு.

இப்படிக்கு,
கெட்டிலை வெளியே எடுத்து வந்த
உன் அம்மா